வெயிலில் வைத்த வட்டில்

அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் எத்திராஜைத் திட்டியதுதான். என்னை அழைத்துப் போக வந்திருந்த மாட்டுவண்டிக்காரன் அவன். நான் பினாங்கிலிருந்து குழந்தையைப்போல் தூக்கி வந்த சுவர்க்கடிகாரப் பெட்டியை வாங்கி, வைக்கோல் கட்டை வீசுவதுபோல் வண்டிக்குள் போட்டான். உள்ளே பெண்டுலம் டங்கென்று இடித்தது.

"டேய், அது என்ன பூசணிக்காயா?"

"கோச்சிக்காத அண்ணாத்தே. ஒரு தூக்குத் தாங்காத கடியாரம் எங்க ஊரை எங்க தாங்கப் போவுது?"

உண்மையில் தப்பு என்னுடையது. பெண்டுலக் கடிகாரத்தைத் தூக்கிப் போகும்போது பெண்டுலத்தைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பினாங்கில் அப்படித்தான் வைத்திருந்தேன். மதராஸ் துறைமுகத்தில் சுங்கத்து ஆள் ஒருவன், ஓட்டிக் காட்டினால்தான் விடுவேன் என்று நின்றான். மாட்டி ஓட்டிக் காட்டினேன். அவனைத் திட்டிக்கொண்டே கழற்ற மறந்து மூடிவிட்டேன். கோபக்காரனுக்குக் கை நிதானம் கிடையாது. என் தொழிலுக்கு ஆகாத குணம் அது. இந்த வயதிலும் போகவில்லை.

இது ஜப்பான் சண்டைக்கு முந்திய காலம். நான் பினாங்கில் ஒரு கடிகாரக் கடையில் மெக்கானிக். முதலாளிக்குச் சொந்த ஊர் திருமுல்லைவாயிலைத் தாண்டி ஏரிக்கரையில் நாற்பது வீடு உள்ள சிற்றூர். அவர் அண்ணன் அங்கே மணியக்காரர். மாசி மாதம் ஏரி வற்றினால் தண்ணீர்ப் பங்கில் அடிதடி வருகிறது என்று அண்ணன் கடிதம் போட்டிருந்தார். "ஓட்டை வட்டிலை வைத்துக்கொண்டு நேரம் பார்க்கிறான்கள் ஐயா. ஒரு நல்ல ஜெர்மன் கடிகாரத்தைக் கொண்டுபோய் மடையில் மாட்டிவிட்டு வா. சண்டை தீரட்டும்" என்று முதலாளி என்னை அனுப்பினார்.

எத்திராஜின் மாடு பாதி வழியில் படுத்துக்கொண்டது. வாலை முறுக்கவில்லை, அடிக்கவில்லை. இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தான். "அதுக்கா எய்ந்துக்கணும்னு தோணும், அப்பப் போலாம்." பினாங்கில் டிராம் இரண்டு நிமிஷம் தாமதமானால் நான் கண்டக்டரிடம் கத்துவேன். இங்கே ஒரு மாட்டின் மனசுக்காக முக்கால் மணி நேரம் புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு நினைத்தால் அந்த முக்கால் மணியைத் திரும்பக் கொடுப்பவனுக்கு என் கடையையே எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது.

ஊருக்குப் போனதும் மடைக்குத்தான் போனோம். ஏரி மதகுக்குப் பக்கத்தில், கொஞ்சமும் நிழல் இல்லாத மேட்டில் ஒரு பித்தளை அண்டா நிறையத் தண்ணீர். அதில் செம்பு வட்டில் ஒன்று மிதந்தது. அடியில் ஊசி போகிற அளவு ஓட்டை. அதன் வழியே தண்ணீர் ஏறி ஏறி, நிறைந்ததும் வட்டில் முழுகும். ஒரு முழுக்கு ஒரு நாழிகை, அதாவது இருபத்துநாலு நிமிஷம். முழுகியதும் எடுத்துக் கொட்டி மறுபடி மிதக்க விடுவார் வரதன். மடையைத் திறந்து மூடுகிற நீர்க்கட்டி அவர்.

ஏற்பாட்டை அவரே சொன்னார். அந்த மடையில் பன்னிரண்டு குடும்பம். ஒரு நாளைக்கு மூன்று குடும்பம். சூரியன் எழும்போது மடை திறந்து காலை முறைக்குப் பத்து வட்டில், மத்தியான முறைக்குப் பத்து, மாலை முறைக்குப் பத்து. சூரியன் விழுந்ததும் மடையை மூடிவிட வேண்டும். அதற்குள் பத்து முடிந்து வெளிச்சம் மிச்சமிருந்தால் அந்தத் தண்ணீர் மாலை முறைக்காரனுக்கு. நான்கு நாளைக்கு ஒருமுறை சுற்று திரும்பி வரும். யாருக்கு எந்த முறை என்பது தாத்தா காலத்து ஏற்பாடு, மாறாது.

நான் அங்கே போய்ச் சேர்ந்த நேரம் மாலை முறை ஆரம்பித்திருந்தது. எத்திராஜ் வண்டியை அவிழ்த்துவிட்டு மண்வெட்டியோடு வயலுக்கு ஓடினான். ஒரு பெண்பிள்ளை வரதனை வழிமறித்துக்கொண்டு நின்றாள். பெயர் கன்னியம்மா. புருஷன் பெரம்பூரில் ரயில் பட்டறைக்கு வேலைக்குப் போகிறவன்; நிலத்தைப் பார்ப்பது இவள்தான். அன்று மத்தியான முறை இவளுடையது.

"பத்து வட்டில் உட்டேன்றியே, என் கடைசி ரெண்டு துண்டு காய்ஞ்சி கெடக்குதே, எப்டி? போன மொறையும் அதே, அதுக்கு மின்ன மொறையும் அதே. இந்த வட்டிலு என் மொறைல மட்டும் திருடுது."

"வட்டிலு திருடுதாம்! கேட்டுக்கோங்கப்பா," என்று வரதன் சிரித்தார். கரையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

"நெல்லு பால் புடிக்கிற நேரம். அடுத்த மொறையில வேர் நனையலன்னா அத்தினியும் பதருதான். ஏரிலயும் அதுக்கப்பறம் தண்ணி இருக்காது. சிரிங்க."

மணியக்காரர் என்னைப் பார்த்தார். "பினாங்குல கடியார வேலை செய்றவரு. இவரே பார்த்துச் சொல்லட்டும்."

நான் உருப்பெருக்குக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓட்டையில் பாசி இல்லை, பிசிறு இல்லை, அகலவும் இல்லை. "வட்டில் சுத்தமாக இருக்கிறது. இந்த அம்மாள் சொல்வதில் விஷயம் இல்லை" என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன்.

கன்னியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கப்பல்ல வந்தியே, இத்தச் சொல்லத்தானா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். ராத்திரி மணியக்காரர் வீட்டில் விரால்மீன் குழம்பு. பினாங்கில் அப்படிக் கிடைக்காது. மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எனக்கு வெட்கமே இல்லை.

மறுநாள் பெட்டியைத் திறந்து பார்த்தால், பெண்டுலம் தொங்குகிற சின்ன எஃகுத் தகடு முறிந்து கிடந்தது. நகத்தின் கனம்கூட இல்லாத தகடு. அது வளைந்து கொடுப்பதால்தான் பெண்டுலம் ஆட முடியும். அது இல்லையென்றால் அவ்வளவு பெரிய கடிகாரமும் வெறும் மரப்பெட்டி. பூந்தமல்லியில் ஒரு பட்டறை இருக்கிறது என்றார்கள். ஆவடி வரை நடந்து, அங்கே பஸ்ஸில் ஏறினேன்.

"பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும்?"

"ரொம்பினா கிளம்பும்," என்றான் டிரைவர்.

அதுவும் வட்டில் கணக்குதான். நிறைந்தால் நேரம். எனக்கு முன்னால் கோழிக்கூடை, எனக்குப் பின்னால் மல்லிகை மூட்டை, நடுவில் வியர்வையோடு நான். ஒன்றரை மணி நேரம் கழித்து நிறைந்தது.

பட்டறைக்காரர் இஸ்மாயில் பாய். பூட்டு, பெட்ரோமாக்ஸ், தையல் மிஷின், கிராமபோன் எல்லாம் பார்ப்பார். பழைய டைம்பீஸின் வில்லிலிருந்து ஒரு துண்டு வெட்டி, சாணைக்கல்லில் தேய்த்துத் தேய்த்து, ஊதினால் நடுங்குகிற அளவுக்கு மெலிதாக்கினார். நான் பினாங்கில் மூன்று நாள் செய்கிற வேலை. வாய்விட்டுப் புகழவில்லை. எனக்கு அது வராது. அவர் கொடுத்த ஆட்டுக்கால் சூப்பையும் ரொட்டியையும் மட்டும் நன்றாகச் சாப்பிட்டேன்.

எழுந்து கிளம்பும்போது என் எண்ணெய்க்குப்பியைப் பார்த்தார். "இது குளிருக்கு ஒறையுமா?"

"காலையில் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும். கடிகாரம் மெதுவாகப் போகும். மத்தியானம் இளகிவிடும்."

சொல்லிவிட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். கன்னியம்மாவின் முறை மத்தியானம். அண்டா இருப்பது வெயிலில்.

"இன்னா சார், மறந்துட்டீங்களா எதையாவது?" என்றார் பாய்.

"தண்ணீரும் எண்ணெய்போல் இளகுமா?" என்று கேட்டேன்.

"ஊட்ல கேட்டா சொல்வாங்க. கொதிக்கிற தண்ணி வடிகட்டில சர்ருனு எறங்கும். பச்சத் தண்ணி யோசிச்சு எறங்கும்."

மூன்றாம் நாள் விடிவதற்கு முன்னாலேயே மடைக்குப் போய் உட்கார்ந்தேன். என் சட்டைப்பைக் கடிகாரம் நாளைக்கு அரை நிமிஷம்கூடத் தப்பாது. பனியில் அண்டா சில்லென்று இருந்தது. முதல் வட்டில் முழுக இருபத்துநாலு நிமிஷம் தாண்டிக் கொஞ்சம் ஆயிற்று. உச்சிவேளையில் அண்டாவுக்குள் விரலை வைத்தேன், சுட்டது. வட்டில் முழுக இருபத்திரண்டு. மறுபடி பார்த்தேன். இருபத்திரண்டுதான். பத்து வட்டிலுக்கு இருபது நிமிஷம் போய்விடுகிறது. அந்த இருபது நிமிஷத் தண்ணீர்தான் கன்னியம்மாவின் கடைசி இரண்டு துண்டு. வட்டில் திருடத்தான் செய்தது. நான் ஊர் கேட்க அவளைப் பொய்க்காரி ஆக்கியிருந்தேன்.

மத்தியான முறைக்காரர்கள் மற்ற மூன்று பேருக்கும் கிணறு இருந்தது. அதனால் அவர்கள் கண்டுகொள்ளவில்லை. இவளுக்குக் கிணறு இல்லை.

வரதனிடம் போய், "அண்டாவைத் தூக்கி மதகுக் கொட்டகைக்குள் வையுங்கள்" என்றேன். சாது மனிதர், சீறினார். "கொட்டாய்லதான் இருந்திச்சு எங்கப்பன் காலத்துல. உள்ள பூந்து எவனோ ஓட்டைல மெழுக அடைச்சான். வெட்டு குத்து ஆயிப்போச்சு. அப்பறம்தான் நாலு பேரு கண்ணுக்குத் தெரியணும்னு வெட்டவெளியில வச்சோம். யாரு உன்ன அனுப்புனது, கன்னியம்மாவா?"

அதாவது, யாரும் ஏமாற்றக் கூடாது என்றுதான் வெயிலில் வைத்தார்கள். வெயில் அதற்குள் புகுந்து ஏமாற்றியது. இதை யார்மேல் கோபப்பட்டுத் தீர்த்துக்கொள்வது? எனக்கு ஆளே கிடைக்கவில்லை.

சரி, அதற்குத்தானே கடிகாரம் வந்திருக்கிறது என்று அன்று சாயங்காலமே கொட்டகையில் மாட்டினேன். பெண்டுலத்துக்குக் கனம் முக்கியமில்லை, நீளம்தான் முக்கியம். நீட்டினால் மெதுவாக ஆடும், குறைத்தால் வேகமாக ஆடும். ஆனால் கடிகாரம் நேராகத் தொங்க வேண்டும். டிக்குக்கும் டக்குக்கும் நடுவே சமமான இடைவெளி வேண்டும். அந்த மண்சுவர் வயிறு தள்ளியிருந்தது. கடிகாரம் நொண்டிக்கொண்டு நடந்து கால் மணியில் நின்றது. ஓலைச்சிம்பை அடியில் செருகி நிமிர்த்தினேன். ஓடியது. மணியடித்தது. வேடிக்கை பார்க்கப் பாதி ஊர் வந்தது.

மணியக்காரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இந்த முள்ளைக் கையால திருப்ப முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும்."

"திருப்பினா, திருப்பினதுன்னு அப்பறம் வந்து பார்க்கிறவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அனுப்பின எந்தம்பி நல்லா இருக்கட்டும். இது எங்க ஊட்டுக் கூடத்துல இருக்கட்டும்," என்றார். வட்டிலைத் திருப்பி வைத்து நேரத்தை மாற்ற முடியாது. ஜெர்மன்காரன் செய்ததைத் திருப்ப முடியும்.

அன்றே கன்னியம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் கேழ்வரகுக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். "நீ சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு" என்றேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. ஒரு சொம்பு கூழும் சுட்ட கருவாடும் கொடுத்தாள். நின்றபடியே குடித்தேன்.

"எனக்கு ஒண்டியாச் சொல்லி இன்னா பிரயோசனம், பினாங்காரே? அன்னிக்கு ஊரக் கூட்டித்தான சொன்ன?"

நான்காம் நாள் காலையில் ஊரைக் கூட்டினேன். என் சட்டைப்பைக் கடிகாரத்தை யாரும் ஏற்கவில்லை. "அது உன் பையில கீது. நீ சொல்றதத்தான் அது சொல்லும்," என்றார் ஒருவர். பிறகு எதை நம்புவீர்கள் என்று கத்தினேன்.

"ஏத்தத்த நம்புவோம்," என்றார் வரதன்.

மடைக்கு எதிரே மணியக்காரரின் கிணற்றில் ஏற்றம் இருந்தது; எத்திராஜும் அவன் தம்பியும் அதில் கூலிக்கு இறைப்பார்கள். மேலே எத்திராஜின் தம்பி மரத்தில் முன்னும் பின்னும் நடப்பான்; கீழே எத்திராஜ் சால் தண்ணீரைக் கவிழ்த்து, ஒவ்வொரு சாலுக்கும் எண்ணிக்கையைப் பாட்டாக இழுத்துச் சொல்லுவான். அரை மைல் கேட்கும். அந்த ஆட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. நீளமான மரம், ஒரே வீச்சு, ஒரே தாளம். அதுவும் பெண்டுலம்தான். நடுவில் இரண்டு மனிதர்கள் மாட்டியிருந்தார்கள், அவ்வளவே.

கன்னியம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எத்திராசா எண்றது? நாளைக்கு என் மொறைக்கு அடுத்த மொறை அவன்து. என் பத்து வட்டிலு சுருக்கா முடிஞ்சாத்தான அவனுக்கு மிச்சம் வெளிச்சம்? என் தண்ணில பொழைக்கிறவன் எனக்கா எண்ணுவான்?"

எல்லாரும் எத்திராஜைப் பார்த்தார்கள். அவன் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஏற்றத்தடிக்குப் போனான்.

உச்சிவேளை. முதல் வட்டில் நிழலில்: மண்தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மேலே மணியக்காரரின் குடையைப் பிடித்துக்கொண்டு நானே நின்றேன். எத்திராஜ் எண்ணினான். வட்டில் முழுகும்போது தொண்ணூற்றெட்டுச் சால். இரண்டாவது வெயிலில், வழக்கமான அண்டாவில். எண்பத்தொன்பது.

"களைச்சுட்டான்பா, அதான்," என்று ஒருவர் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள்.

"மூணாவது மறுபடியும் நெழல்ல உடு," என்றான் எத்திராஜ். அவனுக்கு மூச்சு வாங்கியது. முதுகில் வியர்வை வாய்க்காலாக ஓடியது. இப்போது குரலை மெதுவாக இழுத்தால் போதும், எண்பத்தைந்தில் நிறுத்தியிருக்கலாம். களைப்பு என்று ஊரே ஒத்துக்கொண்டிருக்கும். கன்னியம்மா அவன் வாயையே பார்த்தாள். எண்பத்தொன்பதைத் தாண்டினான். தொண்ணூறு, தொண்ணூற்றொன்று. வட்டில் முழுகும்போது தொண்ணூற்றாறு.

இன்னும் களைத்தவன் இன்னும் அதிகம் இறைத்திருக்கிறான். களைப்பு இல்லை, வெயில்தான்.

அன்று மாலையே அண்டாவின் மேல் பந்தல் போட்டார்கள். நாலு கால், மேலே பனையோலை. பக்கத்தில் ஒரு தடுப்புகூடக் கிடையாது. நிழலும் ஆயிற்று, நாலு பேர் கண்ணுக்கும் தெரிந்தது. அதை யோசித்துச் சொன்னவர் வரதன். பினாங்கு மெக்கானிக்குக்கு அது தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் கன்னியம்மா முறை. அவள் ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்கு வரப்பை வெட்டி வெட்டித் தண்ணீரை நடத்திக்கொண்டு போனாள். ஒன்பதாவது வட்டில் முழுகும்போது கடைசிக்கு முந்திய துண்டைத் தண்ணீர் எட்டியது. பத்தாவதில் அது நிறைந்து, வெடித்துக் கிடந்த கடைசித் துண்டுக்குள் தண்ணீர் நுழைந்தது. காய்ந்த மண் குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்த மணத்தைப் பிறகு எந்த ஊரிலும் நான் முகரவில்லை. வரதன் முழுக்கு என்று கத்தியபோது தண்ணீர் மூலைவரை எட்டியிருந்தது. அவள் யாரையும் பார்க்காமல் முட்டியளவு சேற்றில் நின்றாள்.

பிறகு எத்திராஜ் முறை. மூன்று முறைக்கும் சேர்த்து முப்பது நாழிகை வேண்டும்; மாசி மாதப் பகல் அதற்குக் கொஞ்சம் குறைவு. முன்னெல்லாம் வெயில் வட்டில் அந்தக் குறையை மறைத்து, அவனுக்கு மிச்சமும் கொடுத்தது. இன்று மறைக்கவில்லை. ஆவடிப் பக்கம் சூரியன் பனைமரங்களுக்குப் பின்னால் இறங்கும்போது அவனுடைய பத்தாவது வட்டில் பாதிதான் நிறைந்திருந்தது. அவன் வயலிலும் ஒரு துண்டு பாக்கி.

சூரியன் விழுந்தது. வரதன் மடைக்குச் சாத்துகிற பலகையை எடுத்தார். தாத்தா காலத்து ஏற்பாடு. எத்திராஜ் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டான். சண்டை போடவில்லை.

"மாமா, கொஞ்சம் இரு," என்றாள் கன்னியம்மா வரதனிடம். வரப்பிலிருந்து ஏறி வந்து, சேற்றுக் காலோடு மடையின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரு கன்னியம்மா. பொழுது பூட்ச்சி."

"பொழுது போனா இன்னா? வட்டிலு இன்னும் முழுகலயே. எனக்கு வட்டிலு, அவனுக்குச் சூரியனா?"

வரதன் மணியக்காரரைப் பார்த்தார். மணியக்காரர் வானத்தைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். வரதன் பலகையைக் கீழே வைத்தார். ஒருத்தர் வீட்டிலிருந்து லாந்தர் வந்தது. அதைப் பந்தல் காலில் மாட்டினார்கள். பன்னிரண்டு குடும்பத்து ஆட்களும் அண்டாவைச் சுற்றிக் குந்தினார்கள். என் பையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் வெளியே எடுக்கவில்லை. விளிம்புவரை தண்ணீர் ஏறி, வட்டில் ஒரு பக்கம் சாய்ந்து, களுக்கென்று முழுகியது.

"இப்ப மூடு," என்று சொல்லிக்கொண்டு கன்னியம்மா எழுந்தாள்.